குடி முதலா, மனசு முதலா?

ஆலோசனை முடிந்து எழுந்தவர், கதவருகே போய்த் திரும்பி நின்றார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. இவரு குடிக்கறதால இப்படி ஆயிட்டாரா, இல்ல இப்படி இருக்கறதால குடிக்கறாரா?”

கோவைப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரரின் மனைவி அவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய அரை மணி நேரமும் நான் கேட்டதெல்லாம் குடியைப் பற்றித்தான். தினமும் எவ்வளவு, எத்தனை வருடமாக, காலையில் கை நடுங்குகிறதா, கடைசியாகக் குடித்தது எப்போது? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், அவர் கேட்ட அந்த ஒன்றை நான் கேட்டிருக்கவில்லை.

“உக்காருங்கம்மா” என்றேன்.

4 வருடங்களில் 3 முறை போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து 3 மாதமோ, 4 மாதமோ நன்றாக இருப்பார். பிறகு பழைய கதை. இரண்டாவது முறை, “ராத்திரியெல்லாம் தூங்காம மத்தவங்களைத் தொந்தரவு பண்றாரு. மனசுல ஏதோ கோளாறு இருக்கு. மனநல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க” என்று பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். மனநல மருத்துவரிடம் போனால், “குடிச்சிட்டு இருக்கறவருக்கு நான் என்ன மருந்து குடுக்கறது? முதல்ல குடியை நிறுத்திட்டு வரட்டும்” என்றிருக்கிறார்.

“ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திட்டாங்க மேடம். நான் எங்கதான் போறது?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அலுப்பு மட்டும்தான்.

பால் கணக்கில் இருந்த விடை

“குடிக்காம இருந்த மாசங்கள்ல எப்படி இருந்தாரு? குடி மறுபடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்? ஏதாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லீங்க. பால் கணக்கு காலண்டர்தான் இருக்கு. குடிச்ச நாளைக் குறிச்சு வைங்கன்னு சென்டர்ல சொன்னாங்க. அதுலயே சிவப்புல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்.”

அடுத்த முறை வரும்போது 2 வருட காலண்டரையும் சுருட்டி எடுத்து வந்தார். மேஜையில் விரித்துப் பார்த்தோம். தினமும் 1 பாக்கெட் பால். சில நாட்களில் மட்டும் 2. விருந்தாளியா என்று கேட்டேன். “இல்லீங்க. அந்த நாள்ல ராத்திரி பூரா முழிச்சு டீ போட்டுக் குடிச்சிட்டே இருப்பாரு. காலைல பாப்பாவுக்குப் பால் இருக்காது. இன்னொரு பாக்கெட் வாங்குவேன்.”

நான் விரலை வைத்துக்கொண்டே போனேன். ‘2’ என்ற எண் 5 நாள், 6 நாள் தொடர்ச்சியாக வருகிறது. அதன் பிறகுதான் சிவப்பு வட்டங்கள் தொடங்குகின்றன. 2 வருடத்தில் 4 முறை இதே வரிசை. அவருக்குக் குடியால் தூக்கம் கெடவில்லை. தூக்கம் கெட்ட பிறகே குடி வந்திருக்கிறது.

அந்த நாட்களில் வேறு என்ன செய்வார் என்று கேட்கக் கேட்க, கொட்டத் தொடங்கினார். வாய் ஓயாமல் பேசுவார். சொந்தப் பட்டறை போடப்போவதாக யாருக்கோ அட்வான்ஸ் கொடுப்பார். மகளின் கம்மலை அடகு வைத்தது அப்படி ஒரு வாரத்தில்தான். தூக்கமே இல்லாமல் திரிந்தாலும் களைப்பு தெரியாது. பிறகு ஒருநாள் எல்லாம் அடங்கிவிடும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். குளிக்க மாட்டார், சாப்பிட மாட்டார், “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்பார். முதல் கட்டத்தில் உற்சாகத்தோடு குடி, இரண்டாவது கட்டத்தில் மறப்பதற்காகக் குடி. ஊர் கண்ணில் பட்டது பாட்டில் மட்டும்தான்.

கூட வந்திருந்த அவருடைய அம்மா ஒரு விஷயம் சொன்னார். “21 வயசுல ஒருக்கா இப்படித்தானுங்க இருந்தான். வாரக்கணக்கா தூக்கமே இல்ல. அப்ப ஒரு சொட்டுக் குடிச்சவனில்ல. மந்திரிச்சுக் கயிறு கட்டுனோம். ஒரு மாசத்துல சரியாயிருச்சு.”

அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது. அவருக்கு இருந்தது ‘பைபோலார்’ எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு. கூடவே குடிநோய். இரண்டும் தனித்தனி நோய்கள். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்தன.

அன்று அந்த அம்மா கதவருகே திரும்பி நிற்காமல் போயிருந்தால், படுத்தே கிடக்கிறார் என்பதை வைத்து மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்திருப்பேன். பைபோலார் உள்ளவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால், அதுவே எதிர்த் துருவத்துக்குத் தள்ளிவிடும். ஆகவே, குடும்பத்தினருக்கு என் முதல் வேண்டுகோள் இது: டாக்டரிடம் படுத்துக்கிடந்த நாட்களை மட்டும் சொல்லாதீர்கள். அளவுக்கு மீறிப் பறந்த நாட்களையும் சொல்லுங்கள்.

இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, மனசின் வலிக்குத் தானே மருந்து தேடிக்கொள்வது. பதற்றம், தூக்கமின்மை, காதில் ஒலிக்கும் குரல்கள், விடாமல் துரத்தும் பழைய நினைவுகள்... இவற்றிலிருந்து ஓரிரு மணி நேரம் விடுதலை தருவதால் சிலர் மதுவையோ கஞ்சாவையோ பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-ல் இதை ‘சுய மருத்துவம்’ என்று விளக்கி எழுதினார். சிக்கல் என்னவென்றால், இந்த மருந்து வலியைக் குறைப்பதுபோல் காட்டிக் கூட்டிவிடும். மது சீக்கிரம் தூங்க வைக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். போதை இறங்கும்போது பதற்றம் முன்பைவிட அதிகமாக வரும். அதை அடக்க மறுபடி ஒரு குவார்ட்டர்.

இரண்டு, போதைப்பொருளே மனநோயைக் கொண்டுவருவது. தொடர்ந்த குடி மனச்சோர்வை உண்டாக்கும். சிலருக்குச் சந்தேக நோயையும், இல்லாத குரல்கள் கேட்பதையும் உண்டாக்கும். மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஏற்கெனவே உள்ள இளைஞர்களுக்குக் கஞ்சா அந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

மூன்று, இரண்டுக்கும் ஒரே வேர் இருப்பது. பரம்பரை, சிறுவயதில் பட்ட அடி, கண்ட வன்முறை, இழப்பு. ஒரே வேரிலிருந்து இரண்டு செடியும் முளைக்கும்.

நிஜ வாழ்க்கையில் இந்த மூன்றும் பின்னிக்கிடக்கும். 10 வருடம் கழித்து எது முதல் என்று தேடுவது சிகிச்சைக்கு உதவும் அளவுக்குத்தான் தேவை. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல.

4 வாரக் கணக்கு

எது குடியால் வந்த சோர்வு, எது தனி நோய் என்று மருத்துவர்கள் எப்படிப் பிரிக்கிறோம்? ஒரு வழி, குடிக்காத நாட்களைக் கவனிப்பது.

1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்த ஆண்களைப் பார்த்தது. சேர்ந்தபோது 100-ல் 42 பேருக்கு மனச்சோர்வு மருத்துவ அளவில் இருந்தது. குடிக்காமல் 4 வாரம் ஆனபோது அது 100-ல் 6 பேராகக் குறைந்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு மதுவே சோர்வைத் தந்திருக்கிறது, நிறுத்தியதும் கலைந்துவிட்டது. மீதமுள்ளவர்களுக்குச் சோர்வு தனி நோய். அதற்குத் தனியாகச் சிகிச்சை தராவிட்டால் அவர்கள் மறுபடி பாட்டிலுக்கே போவார்கள். லேத் பட்டறைக்காரர் 3 முறை போனதுபோல.

ஆனால், எல்லோருக்கும் 4 வாரம் காத்திருக்கக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம், இல்லாத குரல்கள் கேட்பது, வாரக்கணக்கில் தூங்காமல் பறப்பது, குடிக்க ஆரம்பிக்கும் முன்பே மனநோய் இருந்த வரலாறு - இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் நாளிலிருந்தே இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். மனச்சோர்வும் மதுவும் சேரும் இடத்தில் தற்கொலை ஆபத்து கூடுகிறது. “போதையில பேசறான், விடுங்க” என்று எந்த வீட்டிலும் தள்ளிவிடாதீர்கள்.

ஒரே கூரை, ஒரே ஃபைல்

“முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்” என்ற பதில் நம் ஊரில் மட்டும் கிடைப்பதில்லை. அமெரிக்காவிலும் பல காலம் போதைச் சிகிச்சைக்கு ஒரு துறை, மனநோய்க்கு வேறு துறை என்றுதான் இருந்தது. இரண்டும் உள்ளவர்கள் நடுவில் அலைந்தார்கள். 1980-களின் கடைசியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இரண்டு சிகிச்சையையும் ஒரே குழுவே தரும் முறையை உருவாக்கி, ஆய்வு செய்து காட்டினார்கள். ‘ஒருங்கிணைந்த சிகிச்சை’ என்று இன்று சொல்வது இதைத்தான்.

நடைமுறையில் அது என்ன? மாத்திரை எழுதும் டாக்டரும், கவுன்சிலிங் தருபவரும், குடும்பத்திடம் பேசுபவரும் ஒரே ஃபைலைப் பார்க்கிறார்கள். இவர் சொன்னது அவருக்குத் தெரிகிறது. மறுபடி குடித்துவிட்டால் வெளியே அனுப்புவதில்லை. ஏன் என்று கேட்கிறார்கள். மனசு சரியில்லாத வாரத்தில் குடி ஆசை எப்படி வருகிறது என்று சேர்த்தே பேசுகிறார்கள்.

அந்த லேத் பட்டறைக்காரரை அட்மிட் செய்தோம். குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கான மாத்திரைகளும் தயமின் என்கிற வைட்டமின் பி1-ம் முதலில். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து, மனநிலையைச் சமப்படுத்தும் மருந்தையும் அதே வாரத்தில் தொடங்கினோம். வாரம் ஒருமுறை அவருக்குக் கவுன்சிலிங். தனியாக அவர் மனைவிக்கும். 4 வருடம் தூங்காதவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர்.

வீட்டில் செய்யக் கூடாத 4 விஷயங்கள்

1. தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி, ஒரேயடியாக நிறுத்தவைக்காதீர்கள். முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பு வரும். 2-வது நாளிலிருந்து 4-வது நாளுக்குள் இடம், காலம் தெரியாத குழப்பமும் இல்லாதவை தெரிவதும் வரலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை. பேய் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போய் நேரத்தைக் கடத்தாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

2. தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள். “குடியை மறக்கடிக்கும் பொடி” என்று விற்பதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைச் சிலர் ரகசியமாகக் கலந்துவிடுகிறார்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மனநோய் உள்ள சிலருக்கு அந்த மாத்திரையே குழப்பத்தைக் கூட்டும். குடிப்பவரின் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே அது தரப்பட வேண்டும்.

3. “இன்னிக்குக் குடிச்சிட்டேன், அதனால மனநல மாத்திரை போடல” என்று நிறுத்திக்கொள்ள விடாதீர்கள். ஒருநாள் குடி, ஒருநாள் மாத்திரை இல்லை, மறுநாள் தூக்கம் இல்லை, அடுத்த நாள் மறுபடி குடி. சறுக்கல் இப்படித்தான் விழுச்சியாகிறது. குடித்துவிட்ட நாளில் எந்த மாத்திரையைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை சிலவற்றை மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

4. “மாத்திரையும் ஒரு போதைதானே” என்று சொல்லி நிறுத்தவைக்காதீர்கள். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கி இன்று தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் கூட்டம் நடத்தும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பே, உறுப்பினர்கள் யாரும் அடுத்தவருக்கு டாக்டராகக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கூட்டத்துக்கும் போகலாம், மாத்திரையும் போடலாம். ஒன்றுக்கொன்று எதிரியில்லை.

சிகரெட், பீடி பற்றியும் ஒரு வார்த்தை. ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகளைப் புகை சீக்கிரம் உடலிலிருந்து வெளியேற்றிவிடும். அந்த மருந்து சாப்பிடுபவர் திடீரென்று புகையை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, அதிக மயக்கம் வரலாம். நிறுத்துவது மிக நல்லது. டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவர் அளவைச் சரிசெய்வார்.

எங்கே போவது?

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, குடிநோய் உள்ளவர்களில் 100-க்கு 86 பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. வெட்கமும் காரணம், வழி தெரியாததும் காரணம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எங்கே போனாலும் முதல் நாளே 2 கேள்வி கேளுங்கள்: “குடிக்கும் மனசுக்கும் இங்கேயே சேர்த்துப் பார்ப்பீர்களா? மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருவார்?” பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

‘மனசு சரியில்லாதவங்க வேற, குடிகாரங்க வேற’ என்று யாராவது சொன்னால், 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவுபடுத்துங்கள். மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்றே அது வரையறுக்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் தடை செய்கிறது. அடித்துத் திருத்தும் இடம் சிகிச்சை மையம் இல்லை.

வீட்டிலிருந்தே பேச, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ உயிரை விட்டுவிடும் எண்ணம் இருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இப்போதே அழையுங்கள்.

மறுபடி ஒரு சிவப்பு வட்டம்

கதை சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். நடந்ததைச் சொல்கிறேன். சிகிச்சை தொடங்கி 7 மாதம் ஒரு சிவப்பு வட்டமும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன இடத்தில் மச்சான்களோடு குடித்துவிட்டார். 2 நாள். முன்பெல்லாம் அப்படி ஒன்று நடந்தால் 3 மாதம் கழித்துத்தான் எங்காவது கொண்டு போவார்கள். இந்த முறை மூன்றாவது நாள் காலையில் தானாகவே வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“தோத்துட்டேன் மேடம்” என்றார்.

“எத்தனை நாள் தூங்கல?” என்று கேட்டேன்.

யோசித்தார். “போன வாரத்துல இருந்தே சரியா தூக்கம் இல்லீங்க. பட்டறையில நைட் ஷிஃப்ட் போட்டாங்க. தீபாவளி ஆர்டர்.”

மருந்தின் அளவைக் கொஞ்சம் மாற்றினோம். நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று முதலாளிக்குச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தேன். அந்தச் சறுக்கல் அத்தோடு நின்றது.

போன மாதம் வந்தபோது மனைவி வரவில்லை. காலண்டரை அவரே கொண்டுவந்திருந்தார். பால் கணக்கு மனைவியின் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில் சின்னச் சின்ன எண்கள். 7, 6½, 7, 5...

“இது என்னங்க?” என்றேன்.

“நான் தூங்குன மணிக் கணக்குங்க மேடம். 5-க்குக் கீழ போச்சுன்னா உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கா.”

‘அவர் குடிப்பதால் இப்படியா, இப்படி இருப்பதால் குடிக்கிறாரா’ என்ற கேள்வி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விடை தெரிந்த பிறகுதான் டாக்டரிடம் போக வேண்டும் என்றில்லை. அந்தக் கேள்வியோடும் ஒரு காலண்டரோடும் போங்கள். கதவருகே திரும்பி நின்றாவது கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: குடிப்பவரின் வீட்டில் வளரும் குழந்தையிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது?